வெண்குருதிக் கலங்கள் ஒட்டாதபோதும் அளவுமீறி ஒட்டும்போதும்: வளர்ச்சிக் காரணிச் சோதனையில் பிழை நீக்கும் வழிமுறை

தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் கத்தி தவறிக் காலில் வெட்டிக்கொண்டு வருகிறவர்களை மலையகத்துத் தோட்ட மருந்தகங்களில் காணலாம். வெட்டுப்பட்ட சில மணி நேரத்துக்குள் அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது. அந்தச் சிவப்புக்கு உள்ளே, குருதியோடு விரைந்து ஓடிக்கொண்டிருந்த வெண்குருதிக் கலங்கள் நுண்நாளங்களின் உட்சுவரில் முதலில் உருண்டு, பின்னர் நின்று, அதன்பின் சுவரைக் கடந்து காயத்துக்குள் இறங்குகின்றன. உருளச் செய்பவை செலெக்டின் என்னும் புரதங்கள். நிறுத்திப் பிடிப்பவை வெண்குருதிக் கலத்தின் மேலுள்ள இன்டெக்ரின்களும், நாளத்தின் உட்சுவராக அமைந்த அகவணிக் கலத்தின் மேலுள்ள ஐகாம்-1, வீகாம்-1 ஆகிய புரதங்களும் ஆகும். அதே காயத்தில் குருதிச் சிறுதட்டுகள் வி.இ.ஜி.எஃப், பி.டி.ஜி.எஃப், டி.ஜி.எஃப் பீட்டா முதலிய வளர்ச்சிக் காரணிகளையும் கொட்டுகின்றன. புண்ணை ஆற்ற வந்த இந்தக் காரணிகள், வெண்குருதிக் கலங்கள் எவ்வளவு ஒட்டும் என்பதையும் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

இதைக் கிண்ணத்தில் சோதிக்கும் முறை பார்வைக்கு எளியது. தொப்புள் கொடி நாளத்திலிருந்து எடுத்த அகவணிக் கலங்களை ஒற்றைப் படலமாக வளர்த்து, டி.என்.எஃப் அல்பா கொடுத்து அழற்சியைத் தூண்டி, அதற்கு முன்போ அதனுடனோ வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து, பின்னர் வெண்குருதிக் கலங்களை மேலே விட்டு, கழுவிய பின் எஞ்சியவற்றை எண்ணுகிறோம். கண்டிக்கு அருகில் உள்ள எங்கள் ஆய்வுகூடத்தில் இச்சோதனையைப் பல ஆண்டுகளாகச் செய்து வரும் நான், மாணவர்கள் மீண்டும் மீண்டும் தடுக்கி விழும் இடங்களை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். எந்த அறிகுறியானாலும் அதைத் தேடத் தொடங்கும் முன் உங்கள் தட்டில் ஐந்து குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எதுவும் சேர்க்காதது, டி.என்.எஃப் மட்டும், வளர்ச்சிக் காரணி மட்டும், இரண்டும் சேர்ந்தது, டி.என்.எஃப் கொடுத்த பின் மங்கனீசு அயனுடன் வெண்குருதிக் கலங்களை விட்டது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை காண முடியாது.

டி.என்.எஃப் கொடுத்தும் எதுவும் ஒட்டவில்லை

முதலில் வெண்குருதிக் கலங்களை மிதக்கவிட்ட கரைசலைப் பாருங்கள். செலெக்டின்கள் கல்சியம் இன்றிப் பிடிக்கமாட்டா. இன்டெக்ரின்களுக்கு மக்னீசியமும் வேண்டும். குருதியை எடுக்கும்போது உறையாமல் இருக்க, கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ பயன்படுத்தி, அதனைச் சரியாகக் கழுவி நீக்காமல், கல்சியம் இல்லாத பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலில் கலங்களை விட்டால், அகவணிக் கலம் எவ்வளவு தயாராக இருந்தாலும் கிண்ணம் வெறுமையாகவே தெரியும். கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த ஹாங்க்ஸ் கரைசலில் இரண்டு முறை கழுவி, அதே கரைசலில் 0.5 வீதம் அல்புமின் சேர்த்து மீண்டும் செய்யுங்கள்.

அப்படியும் ஒட்டவில்லையென்றால் மங்கனீசுக் குழியைப் பாருங்கள். மங்கனீசு அயன் 1 மில்லிமோலார் அளவில் இன்டெக்ரின்களை நேரடியாகத் திறந்துவிடும். அந்தக் குழியில் கலங்கள் நன்றாகப் பிடித்து, சாதாரண டி.என்.எஃப் குழியில் பிடிக்காமல் இருந்தால், ஐகாம்-1 இருக்கிறது, இன்டெக்ரினும் இருக்கிறது, திறக்கும் சைகைதான் இல்லை என்று கொள்ளலாம். மங்கனீசுக் குழியும் வெறுமையாக இருந்தால் அகவணிக் கலத்தின் பக்கம் திரும்புங்கள். தொப்புள் கொடிக் கலங்களை நான்கு அல்லது ஐந்து முறைக்கு மேல் பிரித்து வளர்த்தால் அவை தம் இயல்பை இழந்து டி.என்.எஃப்புக்கு மந்தமாகவே பதிலளிக்கின்றன. டி.என்.எஃப் பலமுறை உறைந்து உருகியதாகவும் இருக்கலாம். மில்லிலீற்றருக்கு 10 நனோகிராம் என்ற அளவில் புதிய குப்பியிலிருந்து கொடுத்து, ஈ-செலெக்டினுக்கான பிறபொருளெதிரியால் சாயமிட்டுப் பாருங்கள்.

எந்த மணி நேரத்தில் பார்த்தீர்கள் என்பதும் முக்கியம். ஈ-செலெக்டின் டி.என்.எஃப் கொடுத்த 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து, 24 மணி நேரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஐகாம்-1 மெதுவாக ஏறி 24 மணி நேரத்திலும் நிலைத்து நிற்கிறது. மாலையில் டி.என்.எஃப் கொடுத்துவிட்டு மறுநாள் காலை வந்து உருளும் கலங்களைத் தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவதற்குக் காரணம் இதுவே.

எதுவும் கொடுக்காத குழியிலேயே எல்லாம் ஒட்டுகின்றன

இது முன்னையதைவிட ஆபத்தான அறிகுறி. ஏனெனில் இதைக் கவனிக்காமல் விட்டால் பொய்யான முடிவு ஒன்று உண்மைபோல் வளர்ந்துவிடும். மூன்று இடங்களில் தேடுங்கள்.

படலத்தில் இடைவெளி இருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் பாருங்கள். அகவணிக் கலங்கள் நெருங்கி வளராத இடத்தில் அடியில் பூசிய ஜெலட்டினோ ஃபைப்ரோனெக்டினோ வெளித்தெரிய, வெண்குருதிக் கலங்கள் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவை படலத்தின்மேல் பரவியிருக்கின்றனவா, இடைவெளிகளில் கொத்தாகக் கிடக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து, வெண்குருதிக் கலங்களே முன்கூட்டித் தூண்டப்பட்டிருக்கலாம். வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையான நியூட்ரோபில் மிக எளிதில் சினமடையும் கலம். பனிக்கட்டியில் வைத்துப் பின் சட்டென்று சூடாக்குவது, மையநீக்கியில் அதிக வேகத்தில் அழுத்துவது, பிப்பெட்டால் வலிந்து உறிஞ்சி அடிப்பது, பிரித்தெடுத்து நான்கைந்து மணி நேரம் காக்கவைப்பது ஆகிய அனைத்தும் அதன் மேற்பரப்பிலுள்ள எல்-செலெக்டினை உதிரச் செய்து, மேக்-1 என்னும் இன்டெக்ரினை வெளிக்கொணர்கின்றன. வெறும் பிளாஸ்டிக் கிண்ணத்திலும் அவை ஒட்டினால் பிழை அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது இடம் அகநச்சு. கிராம்-எதிர் பற்றீரியாக்களின் சுவரிலிருந்து வரும் இப்பொருள் டி.என்.எஃப் செய்வது போலவே அகவணிக் கலத்தில் ஈ-செலெக்டினையும் ஐகாம்-1ஐயும் ஏற்றிவிடும். ஓட்டோகிளேவில் 121 பாகையில் வைத்தால் பற்றீரியா சாகும், அகநச்சு சாகாது. கண்ணாடிப் பாத்திரங்களை 250 பாகை உலர் வெப்பத்தில் 30 நிமிடம் வைக்க வேண்டும். நமது மலை நீர் தெளிவாக இருப்பதால் அதிலிருந்து வடித்த நீரும் குற்றமற்றது என்று எண்ணிவிடக்கூடாது. வடித்தபின் நாட்கணக்கில் தேக்கி வைக்கும் கலனில்தான் பற்றீரியா வளர்கிறது. சோதனைக்கு அகநச்சு நீக்கியதென உறுதி செய்யப்பட்ட ஊசிமருந்துத் தர நீரையே பயன்படுத்துங்கள்.

வளர்ச்சிக் காரணி மட்டும் கொடுத்த குழியில் ஒட்டுதல் ஏறினால், அது காரணியாலா அகநச்சாலா என்று பிரித்தறிய வேண்டும். காரணியைக் கொதிக்கவைத்துக் கொடுத்துப் பார்ப்பது பழைய வழி: புரதம் அழியும், அகநச்சு அழியாது. ஆனால் டி.ஜி.எஃப் பீட்டா வெப்பத்தையும் அமிலத்தையும் நன்கு தாங்கும் புரதம் என்பதால் அங்கே இவ்வழி செல்லாது. அக்காரணியைச் செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரியைச் சேர்த்து, ஒட்டுதல் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பதே எல்லாக் காரணிகளுக்கும் நம்பத்தக்க வழி. அகநச்சைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் பொலிமிக்சின் பி சேர்த்த ஒரு குழியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சிக் காரணி கொடுத்தும் மாற்றமே இல்லை, அல்லது ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது

இங்கேதான் அதிக நேரம் செலவாகிறது, இங்கேதான் அதிகம் கற்றுக்கொள்ளவும் முடிகிறது. எங்கள் ஆய்வுகூடத்தில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் வி.இ.ஜி.எஃப் எந்த விளைவையும் தரவில்லை. குப்பியை மாற்றினோம், அளவை ஏற்றினோம், கலங்களை மாற்றினோம். கடைசியில் வளர்ப்பு ஊடகத்தின் சேர்மானப் பட்டியலை வரி வரியாக வாசித்தபோதுதான், நாங்கள் சேர்த்துக்கொண்டிருந்த வி.இ.ஜி.எஃப் ஏற்கெனவே அதில் இருப்பதைக் கண்டோம்.

அகவணிக் கலங்களுக்கென விற்கப்படும் முழுமையான ஊடகங்களில் பெரும்பாலும் வி.இ.ஜி.எஃப், எஃப்.ஜி.எஃப்-2, ஈ.ஜி.எஃப், ஐ.ஜி.எஃப்-1 ஆகிய வளர்ச்சிக் காரணிகளும் ஹெப்பாரினும் ஹைட்ரோகோட்டிசோனும் கலந்திருக்கும். ஹைட்ரோகோட்டிசோன் அழற்சியின் மையச் சைகையான என்.எஃப்-கப்பா பி வழியை அடக்கும் ஸ்டீரொயிட்டு. அது ஊடகத்தில் இருக்கும்போது டி.என்.எஃப் தரும் ஒட்டுதலே குறைந்துவிடும். ஹெப்பாரின் எஃப்.ஜி.எஃப்-2 வெப்பத்தில் சிதையாமல் காக்கிறது. ஆனால் பி-செலெக்டினையும் எல்-செலெக்டினையும் பற்றி அடைத்து, உருளும் கலங்களைக் குறைத்துவிடுகிறது. சீரத்திலோ டி.ஜி.எஃப் பீட்டா உறங்கும் நிலையில் இருக்கிறது. ஆகவே சோதனைக்கு முந்தைய இரவே கலங்களை, வளர்ச்சிக் காரணியும் ஸ்டீரொயிட்டும் ஹெப்பாரினும் இல்லாத, சீரம் குறைந்த ஊடகத்துக்கு மாற்றுங்கள். சீரத்தை முற்றாக நீக்கினால் கலங்கள் சுருங்கிப் படலத்தில் இடைவெளி விழும். 1 அல்லது 2 வீதம் வைத்துக்கொள்வது நல்லது.

ஊடகம் சரியாக இருந்தும் விடை முன்னுக்குப் பின் முரணாக வருமானால், காரணியை எவ்வளவு நேரம் விட்டீர்கள் என்று குறிப்பேட்டில் பாருங்கள். வி.இ.ஜி.எஃப் கொடுத்த சில நிமிடங்களில் அகவணிக் கலம் தன் உள்ளே சேமித்து வைத்திருந்த பி-செலெக்டினை மேற்பரப்புக்குத் தள்ளுகிறது. அதே நேரத்தில் நைத்திரிக் ஒட்சைட்டையும் சுரக்கிறது, அதுவோ ஒட்டுதலைத் தணிக்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதால், முதல் அரைமணி நேரத்து அளவீடு எந்தப் பக்கமும் சாயலாம். நைத்திரிக் ஒட்சைட்டு உருவாவதைத் தடுக்கும் எல்-நேம் சேர்த்த குழியைப் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு தணிப்பு அதிலிருந்து வருகிறது என்று தெரியும். சில மணி நேரம் கடந்தால், என்.எஃப்-கப்பா பி வழியாக ஈ-செலெக்டினும் ஐகாம்-1உம் வீகாம்-1உம் ஏறுகின்றன, டி.என்.எஃப் தரும் ஏற்றத்தைவிட இது மெலிந்தது என்பதால், டி.என்.எஃப் அளவை உச்சத்தில் வைத்துக்கொண்டு வி.இ.ஜி.எஃப்பின் கூடுதல் விளைவைத் தேடினால் கிடைக்காது. டி.என்.எஃப்பை மில்லிலீற்றருக்கு 1 நனோகிராமுக்கும் கீழே இறக்கிப் பாருங்கள்.

நாட்கள் கடந்தாலோ விடை தலைகீழாகிறது. வி.இ.ஜி.எஃப்பிலும் எஃப்.ஜி.எஃப்-2இலும் மூன்று நாட்கள் ஊறிய அகவணிக் கலத்தில் ஐகாம்-1 குறைவதையும், அதன்பின் டி.என்.எஃப் கொடுத்தாலும் அது மந்தமாகவே எழுவதையும் 1996ஆம் ஆண்டில் ஆர்யன் கிரிஃபியூன் குழுவினர் வெளியிட்டனர். புற்றுக்கட்டிக்குள் ஓடும் குருதிக்குழாய்களில் வெண்குருதிக் கலங்கள் எளிதில் ஒட்டாததற்கு இது ஒரு காரணம். கட்டி தான் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளாலேயே தன் குழாய்ச்சுவரை வழுக்கலாக்கிக்கொள்கிறது. ஆகவே மூன்று நாள் சோதனையில் ஒட்டுதல் குறைந்தது என்று ஒரு மாணவர் வருத்தத்தோடு வந்தால், நான் அதைப் பிழைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஒரே காரணி, ஒரே கலம், ஒரே கிண்ணம். ஆறு மணி நேரத்தில் ஒட்டவைத்தது, மூன்று நாளில் ஒட்டவிடாமல் செய்கிறது. நேரத்தைக் குறிப்பிடாமல் ‘இந்தக் காரணி ஒட்டுதலைக் கூட்டுகிறது’ என்று எழுதும் எந்த வாக்கியத்தையும் நான் ஏற்பதில்லை.

டி.ஜி.எஃப் பீட்டாவின் விடை இதைவிடத் தெளிவானது. 1988ஆம் ஆண்டில் ஜெனிஃபர் காம்பிளும் மத்தியூ வாடாசும் காட்டியது போல, அதில் ஊறிய அகவணிக் கலத்தில் நியூட்ரோபில்கள் குறைவாகவே ஒட்டுகின்றன; ஈ-செலெக்டின் ஏறாமல் தடுப்பது அதன் முக்கிய வழி. இது உங்களுக்குக் கிடைக்கவில்லையென்றால், டி.என்.எஃப்புக்கு 24 மணி நேரம் முன்னரே கொடுத்தீர்களா என்று பாருங்கள்; இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் காரணிக்குத் தன் வேலையைச் செய்ய நேரம் கிடைப்பதில்லை. மேலும் இப்புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும் இயல்புடையது. தூளை 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அல்புமினுடன் கரைத்து, சிறு பகுதிகளாகப் பிரித்து உறையவைக்க வேண்டும். வெறும் தாங்கற் கரைசலில் கரைத்தவர்கள், காரணியின் பெரும்பங்கைக் குழாயின் சுவருக்கே கொடுத்திருப்பார்கள்.

சாயத்தில் ஏற்றம் தெரிகிறது, ஒட்டுதலில் தெரியவில்லை

வீகாம்-1 பலமடங்கு ஏறியிருக்கும், எண்ணிக்கை அசைந்திராது. எந்த வெண்குருதிக் கலத்தை விட்டீர்கள் என்பதே கேள்வி. வீகாம்-1ஐப் பிடிக்கும் வி.எல்.ஏ-4 இன்டெக்ரின் மொனோசைட்டுகளிலும் லிம்போசைட்டுகளிலும் நிறைய உண்டு; மனித நியூட்ரோபிலில் மிகக் குறைவு. வீகாம்-1ஐ ஏற்றும் காரணியை நியூட்ரோபில் கொண்டு சோதிப்பது, பூட்டுக்குப் பொருந்தாத சாவியைப் போட்டுத் திருகுவது போன்றதாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சாயத்தில் ஏற்றமில்லை, ஒட்டுதல் ஏறுகிறது என்றால், காரணி வெண்குருதிக் கலத்தின்மேலேயே வேலை செய்திருக்கலாம். மொனோசைட்டுகளில் வி.இ.ஜி.எஃப்புக்கான முதலாம் வாங்கி இருக்கிறது, ஜி-சி.எஸ்.எஃப், ஜி.எம்-சி.எஸ்.எஃப் ஆகிய வளர்ச்சிக் காரணிகள் நியூட்ரோபிலை நேரடியாகத் தூண்டுகின்றன. அகவணிக் கலத்தைக் கழுவிக் காரணியை நீக்கியபின் வெண்குருதிக் கலங்களை விட்ட குழியையும், கழுவாமல் விட்ட குழியையும் ஒப்பிட்டால் காரணி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கண்டியில் வந்த விடை நுவரெலியாவில் வரவில்லை

எங்கள் முறைத்தாளை எடுத்துக்கொண்டு மேலே உள்ள ஓர் ஆய்வுகூடத்துக்குச் சென்ற மாணவி ஒருவர் சொல்லித்தான் இதை நான் முழுமையாக உணர்ந்தேன். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளி அழுத்தம் கடற்கரையிலுள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு. இன்கியூபேட்டரில் 5 வீதம் காபனீரொட்சைட்டு என்று வைத்தால் வீதம் சரியாக இருக்கும், ஆனால் ஊடகத்தில் கரையும் அளவைத் தீர்மானிக்கும் பகுதி அழுத்தம் ஐந்தில் நான்காகக் குறைந்திருக்கும். அதனால் ஊடகத்தின் பி.எச் சுமார் 0.1 ஏறி, சிவப்பு நிறம் இளஞ்சிவப்பை நோக்கி நகரும். ஈடுகட்ட ஏறத்தாழ 6.2 வீதம் வைக்க வேண்டும். சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் 5.3 வீதம் போதும். கருவியின் உணரி அழுத்தத்தைக் கணக்கில் கொள்கிறதா என்பது கருவிக்குக் கருவி வேறுபடுவதால், திரையிலுள்ள எண்ணை நம்பாமல், ஓர் இரவு உள்ளே வைத்த ஊடகத்தின் பி.எச்சை எடுத்தவுடன் அளந்து சரிசெய்யுங்கள்.

குளிர் இன்னொரு காரணம். முறைத்தாள்களில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியிருப்பது 20 முதல் 25 பாகையை. நுவரெலியாவில் மார்கழிக் காலையில் ஆய்வுகூடத்துக்குள்ளேயே அது அதற்கு மிகக் கீழே இறங்கிவிடும். குருதியைப் பிரிக்கும் கரைசலின் அடர்த்தி 1.077 என்பது 20 பாகையில் சொல்லப்படும் எண். குளிரில் அது அடர்ந்து, படைகள் தெளிவாகப் பிரிவதில்லை. கரைசலையும் மையநீக்கியையும் முன்கூட்டியே அந்த வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

கலப்படலத்தின்மேல் திரவத்தை ஓடவிட்டு உருளுதலைச் சோதிக்கும் ஓட்ட அறையில் குளிரின் விளைவு கணக்கில் வந்து நிற்கும். ஓடும் திரவம் கலப்படலத்தின்மேல் தரும் இழுப்பை, அதாவது ஷியரை, திரவத்தின் பாகுநிலையையும் ஓட்ட வேகத்தையும் 6ஆல் பெருக்கி, அறையின் அகலத்தாலும் உயரத்தின் வர்க்கத்தாலும் வகுத்துப் பெறுகிறோம். 1 சென்ரிமீற்றர் அகலமும் 0.025 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள அறையில், 37 பாகையில், நிமிடத்துக்கு சுமார் 0.9 மில்லிலீற்றர் விட்டால் சதுர சென்ரிமீற்றருக்கு 1 டைன் கிடைக்கும். அதே ஓட்டத்தை 20 பாகையில் விட்டால், பாகுநிலை கூடுவதால் அது 1.4 டைனுக்கு மேல் ஏறிவிடும். ஒட்டுதல் குறைந்தது காரணியாலன்று, சூடாக்கும் தட்டைப் போட மறந்ததாலேயே என்று இரண்டு முறை கண்டிருக்கிறோம். குளிர்ந்த கரைசலில் காற்றும் அதிகம் கரைந்திருப்பதால், அறைக்குள் போய்ச் சூடானதும் குமிழிகள் பிரிந்து, ஒரே ஒரு குமிழி கடந்தாலும் படலத்தை உரித்துக்கொண்டு போய்விடும். கரைசலை 37 பாகைக்குச் சூடாக்கி, சிறிது நேரம் வெற்றிடத்தில் வைத்துக் காற்றை நீக்கிய பின்னரே குழாயில் ஏற்றுங்கள்.

உருளுகின்றன, ஆனால் நிற்பதில்லை

செலெக்டின் இருக்கிறது, இன்டெக்ரின் திறக்கவில்லை, அல்லது பிடிக்க ஐகாம்-1 இல்லை. டி.என்.எஃப் கொடுத்த படலத்தை அளவுமீறிக் கழுவினால், அகவணிக் கலம் தானே சுரந்து மேற்பரப்பில் வைத்திருக்கும் இன்டர்லியூக்கின்-8 போய்விடுகிறது. இன்டெக்ரினைத் திறக்கும் சைகை அதுவே. மென்மையாக ஒருமுறை கழுவினால் போதும். இன்டெக்ரினின் பீட்டா-2 பகுதி பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகளின் நியூட்ரோபில்கள் இப்படித்தான் உருண்டுகொண்டே போய்விடுகின்றன. அவர்களின் புண்ணில் சீழ் கட்டுவதில்லை, தொப்புள் கொடி உதிர்வதும் வாரக்கணக்கில் தாமதமாகிறது. நாங்கள் அகவணிக் கலம் எடுக்கும் அதே கொடியில் அந்நோயின் முதல் அடையாளம் தெரிவது, இந்த வேலையைச் செய்யும்போதெல்லாம் என் நினைவுக்கு வருகிறது.

எண்கள் ஒவ்வொரு நாளும் சிதறுகின்றன

ஒரு தாயின் கொடிக்கும் இன்னொரு தாயின் கொடிக்கும் டி.என்.எஃப் பதிலிலேயே பெரிய வேறுபாடு உண்டு. குறைந்தது மூன்று கொடிகளில் தனித்தனியாகச் செய்து, ஒவ்வொன்றையும் அதன் சொந்த டி.என்.எஃப் குழியோடு ஒப்பிடுங்கள். ஒரே கொடியின் பத்துக் குழிகள் பத்துச் சோதனைகள் ஆகமாட்டா. குருதி கொடுப்பவரையும் கவனியுங்கள். பேருந்திலிருந்து இறங்கி ஏற்றத்தில் விரைந்து நடந்து வந்தவரின் குருதியில் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை தற்காலிகமாக உயர்ந்திருக்கும். அரைமணி நேரம் அமர்த்தி, தடிமன் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டபின் எடுங்கள். மின்வெட்டில் இன்கியூபேட்டர் குளிர்ந்த நாளின் தட்டுகளைக் குறிப்பேட்டில் அடையாளமிட்டு, சோதனைக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுங்கள்.

கழுவுவதில் கைக்குக் கை வேறுபாடு இருப்பதால், ஒரு தட்டை ஒருவரே கழுவட்டும். எண்ணும்போது குழியின் ஓரத்தை விட்டு, முன்கூட்டியே குறித்துவைத்த இடங்களைப் படமெடுத்து, எந்தக் குழி எது என்று அறியாத ஒருவர் எண்ண வேண்டும். குழிகளின் பெயர்ப் பட்டியலை வேறொருவர் உறையில் வைத்திருந்து, கடைசிப் படமும் எண்ணி முடிந்த பின்னரே பிரிக்கட்டும்.